வேப்பேரிப் பதிவேடும் லண்டன் நகலும்

புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மரியாள் ஆலயத்துக்குப் போய் வந்தவர்கள் தவறாமல் சொல்லும் செய்தி ஒன்று உண்டு: 1753 பிப்ரவரி 18 அன்று ராபர்ட் கிளைவுக்கும் மார்கரெட் மாஸ்கிலைனுக்கும் அங்கேதான் திருமணம் நடந்தது. சற்றே கூடுதலாகப் படித்தவர்கள், 1680 அக்டோபர் 28 அன்று அந்த ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்ட ஒரு வாரத்தில், நவம்பர் 4 அன்று, எலிஹு யேல் அங்கே கேத்தரின் ஹின்மர்ஸ் என்ற விதவையை மணந்ததையும், அதுவே அந்த ஆலயத்தின் முதல் திருமணம் என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள். கிளைவின் திருமணத்தை நடத்திவைத்த குருவானவர் யார் என்ற கேள்வி மட்டும் அதிகம் எழுவதில்லை. அவர் கோட்டையின் ஆங்கிலேயக் குரு அல்லர். யோகான் பிலிப் பெப்ரீசியஸ் என்ற ஜெர்மானிய மிஷனரி. 1742 முதல் சென்னையில் இருந்து, வேப்பேரியில் தமிழ்ச் சபையை மேய்த்து, தமிழில் வேதாகமத்தை மொழிபெயர்த்து, 1779இல் தமிழ் - ஆங்கில அகராதியை அச்சிட்டவர் அவரே. புரசைவாக்கத்துக்காரர்களுக்கு அவர் பெயர் ஒரு பள்ளிக்கூடத்தின் பெயராகத்தான் பழக்கம்.

வேப்பேரியில் தமிழர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தும், அவர்களுக்குத் திருமணம் செய்துவைத்தும், அவர்களை அடக்கம் செய்தும் வந்த அதே குருவானவர், ஒரு நாள் கோட்டைக்குள் போய் ஓர் ஆங்கிலேயத் தளபதியின் திருமணத்தையும் நடத்தினார். அந்த ஒரு திருமணத்தை உலகமே அறியும். வேப்பேரியில் அவரிடம் ஞானஸ்நானம் பெற்ற தமிழர்களின் பெயர்களைத் தேடி வருபவருக்கு எங்கே தொடங்குவது என்பதே தெரிவதில்லை. இந்த வேறுபாடு தற்செயலாக வந்ததன்று என்பதே இந்தப் பதிவில் நான் சொல்ல வந்த செய்தி. யாருடைய பதிவுக்கு இரண்டாம் பிரதி எடுக்கப்பட்டது, யாருடையதற்கு எடுக்கப்படவில்லை என்பதைப் பார்த்தால் காரணம் விளங்கும்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் குருமார்கள் தாங்கள் பதிந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றுக்கு நகலெடுத்து லண்டனுக்கு அனுப்பும் வழக்கம் இருந்தது. சென்னை மாகாணத்துக்கான நகல்கள் 1698 முதல் தொடங்குகின்றன. இன்று அவை லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் உள்ளன. வங்காளம், சென்னை, பம்பாய் என்று மூன்று மாகாணங்களுக்கும் தனித்தனி வரிசை இருக்கிறது. பெரும்பகுதி நுண்படமாக்கப்பட்டு, பிறகு இணையத்திலும் ஏற்றப்பட்டு, இங்கிலாந்திலோ ஆஸ்திரேலியாவிலோ உட்கார்ந்திருக்கும் ஒருவர் தம் கொள்ளுத்தாத்தா சென்னையில் எந்த நாளில் ஞானஸ்நானம் பெற்றார் என்பதைச் சில நிமிடங்களில் கண்டுபிடிக்க முடிகிற அளவுக்கு அந்த வேலை முன்னேறியிருக்கிறது. அந்த நகல்களில் பெரும்பாலும் இருப்பவர்கள் ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியருமே. இந்தியக் கிறிஸ்தவர்கள் ஆங்காங்கே வருகிறார்கள், அவ்வளவுதான்.

இது கம்பெனிக் காலத்தோடு முடிந்த பழக்கம் என்று எண்ணிவிட வேண்டாம். 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தை எடுத்து 28ஆம் பிரிவிலிருந்து வரிசையாகப் படித்துப் பாருங்கள். குருமார்கள் திருமணத்தை எப்படிப் பதிய வேண்டும், பதிந்ததை எந்தக் கால இடைவெளியில் மேலே அனுப்ப வேண்டும் என்றெல்லாம் 36ஆம் பிரிவு வரை விரிவாகச் சொல்லப்பட்டிருக்கும். அடுத்து வரும் 37ஆம் பிரிவு, மணமக்கள் இந்தியக் கிறிஸ்தவர்களாக இருந்தால் இந்த நடைமுறை எதுவும் வேண்டாம், தனியாக ஒரு புத்தகத்தில் பதிந்தால் போதும் என்கிறது. அந்தப் புத்தகம் நிரம்பும்வரை அதைப் பத்திரமாக வைத்திருப்பது குருவானவரின் பொறுப்பு. இடையில் அவர் மாற்றலாகிப் போனால் அடுத்து வருபவரிடம் ஒப்படைக்க வேண்டும். நிரம்பிய பிறகு மாவட்டத் திருமணப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். சிறிய சபை ஒன்றில் வருடத்துக்கு நாலைந்து திருமணங்கள்தான் நடக்கும் என்றால் அந்தப் புத்தகம் நிரம்ப ஒரு தலைமுறை ஆகும். அதுவரை மழைக்கும் கரையானுக்கும் குருமார் மாற்றலுக்கும் தப்பி அது ஒற்றைப் பிரதியாகவே இருக்க வேண்டும். சட்டத்தை எழுதியவர்கள் தீய எண்ணத்தோடு இப்படிச் செய்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். வேலையை எளிதாக்குகிறோம் என்றுதான் நினைத்திருப்பார்கள். விளைவு என்னவோ ஒன்றுதான்.

வடசென்னையில் நான் அங்கம் வகிக்கும் சபையில் பழைய பதிவேடுகளுக்குப் பெயர் அட்டவணை தயாரிக்கும் வேலையைச் சிலர் சேர்ந்து செய்துவருகிறோம். ஆவண அறை என்று மரியாதையாகச் சொன்னாலும், அது குருவானவர் அங்கி மாற்றும் அறையை ஒட்டிய சிற்றறை. ஒரு கோத்ரெஜ் பீரோ, ஒரு மேசை, நாப்தலின் உருண்டை வாடை. பேனாவுக்கு அனுமதி இல்லை, பென்சில் மட்டுமே. பதிவேடுகள் மூன்று வகை: ஞானஸ்நானம், திருமணம், அடக்கம். திடப்படுத்தல் (ஞானஸ்நானம் பெற்றவர் வளர்ந்தபின் தம் விசுவாசத்தை உறுதிசெய்யும் சடங்கு) பெற்றவர்களின் பட்டியல் தனியாகச் சில ஆண்டுகளுக்கு மட்டும் இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தமிழ்ப் பக்கம் ஒன்றை முதன்முறையாகப் பார்ப்பவருக்கு அது தமிழா என்ற ஐயமே வரும். மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி பெரும்பாலும் இராது. தேதி தமிழ் எண்களில் இருக்கும். ஆண்டுக்குப் பின்னால் ௵, மாதத்துக்குப் பின்னால் ௴, நாளுக்குப் பின்னால் ௳ என்ற குறிகள் வரும். பக்கம் முழுவதும் ௸ என்ற குறி வரிவரியாக இறங்கிக்கொண்டே போகும். ‘மேற்படி’ என்பதற்கான குறி அது. ஊர், தொழில், ஞானஸ்நானம் கொடுத்தவர் என்று எதுவெல்லாம் மேல்வரியில் உள்ளபடியே இருக்கிறதோ அதற்கெல்லாம் ஒரு ௸ போட்டுவிடுவார் எழுதுபவர். ஆகவே ஒரு வரியை மட்டும் தனியாகப் படம்பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனால் ஒன்றும் மிஞ்சாது. குறி எங்கே தொடங்கியதோ அந்த வரிவரைக்கும், சில சமயம் முந்தைய பக்கம்வரைக்கும் ஏறிப் போக வேண்டும். அட்டவணை தயாரிக்கும்போது நாங்கள் ஏற்றுக்கொண்ட முதல் விதி, ௸ குறியை விரித்தெழுதி, விரித்தெழுதியது என்று தெரியும்படி வேறு நிறத்தில் இடுவது.

அச்சிட்ட ஆங்கிலப் படிவங்களில் சிக்கல் வேறு மாதிரி. ஞானஸ்நான நாள், பிறந்ததாகச் சொல்லப்படும் நாள், பிள்ளையின் பெயர், பெற்றோர் பெயர், குடியிருப்பு, தொழில், சடங்கை நடத்தியவர் என்று கட்டங்கள் இருக்கும். இங்கிலாந்தின் கிராமத்துப் பங்கு (ஓர் ஆலயத்தின் எல்லைக்குட்பட்ட பகுதி) ஒன்றுக்காக வகுக்கப்பட்ட கட்டங்கள் அவை. குடும்பப் பெயர் என்று ஒன்று எல்லோருக்கும் இருக்கும் என்ற நம்பிக்கையில் வகுக்கப்பட்டவை. நம்மவர்களுக்கு அது ஏது? சிலருக்குத் தகப்பன் பெயரையும், சிலருக்குச் சாதிப் பட்டத்தையும், சிலருக்கு ஊர்ப் பெயரையும் அங்கே இட்டிருக்கிறார்கள். ஒரே தாய்தகப்பனுக்குப் பிறந்த மூன்று பிள்ளைகள், எழுதியவரின் கைக்கேற்ப மூன்று குடும்பப் பெயர்களோடு பதிவாகியிருப்பதை ஒரே பதிவேட்டில் பார்த்திருக்கிறேன். தாயின் பெயரையும் குடியிருப்பையும் ஒப்பிட்டுத்தான் அவர்கள் உடன்பிறந்தவர்கள் என்று உறுதிசெய்தோம். தொழில் என்ற கட்டத்தில் பட்லர், சமையல்காரர், குதிரைக்காரர், ரைட்டர், உபதேசியார் என்று வருவதைக் கொண்டு அந்தக் காலத்துச் சென்னையில் ஒரு தெருவின் பிழைப்பையே ஊகித்துவிடலாம்.

என் அனுபவத்தில், தேடி வருபவர்கள் அதிகம் கவனிக்காமல் விடும் கட்டம், ஞானஸ்நானத்தில் பிள்ளைக்குப் பொறுப்பேற்று நிற்கும் ஞானப்பெற்றோரின் கட்டம். பிள்ளையின் பெயரும் பெற்றோர் பெயரும் கிடைத்ததும் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். ஞானத்தகப்பனாக நிற்பவர் பெரும்பாலும் தாய்மாமன் முறையில் வருபவராகவோ, ஊரிலிருந்து முன்னால் வந்து பட்டணத்தில் இடம்பிடித்துக்கொடுத்தவராகவோ இருப்பார். திருமணப் பதிவில் சாட்சிக் கையெழுத்து போடுபவர்களும் அப்படியே. தஞ்சைப் பக்கத்திலிருந்தோ திருநெல்வேலிப் பக்கத்திலிருந்தோ குடும்பம் எப்போது சென்னைக்கு வந்தது என்பதற்கு நேரடியான விடை எந்தப் பதிவேட்டிலும் இல்லாதபோது, இந்த இரண்டாம் நிலைப் பெயர்கள் வழியாகத்தான் நூல் பிடிக்க முடிகிறது. கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் சிலுவைக்குறி இட்டிருப்பார்கள். அதன் பக்கத்தில் எழுத்தர் அவர் பெயரை எழுதியிருப்பார்.

கத்தோலிக்கப் பதிவேடுகளுக்கு வருவோம். இவற்றின் மரபு இன்னும் பழையது. 1563இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரிதெந்தின் பொதுச்சங்கம் திருமணப் பதிவேட்டைக் கட்டாயமாக்கியது. 1614ஆம் ஆண்டின் உரோமைச் சடங்கு நூல் ஒவ்வொரு பங்கிலும் எந்தெந்தப் பதிவேடுகள் இருக்க வேண்டும் என்று வகுத்தது. சென்னையில் இதற்குள் ஒரு தனிச் சிக்கல் உண்டு. 1606இல் ஏற்பட்ட மயிலாப்பூர் மறைமாவட்டம் போர்த்துகீசிய அரசின் ஆதரவில் இருந்தது. 1642இல் கபுச்சின் துறவிகள் வந்து தொடங்கிய சென்னை மிஷன் அந்த அதிகாரத்துக்கு வெளியே இருந்தது. இரண்டும் இணைந்து ஒரே உயர்மறைமாவட்டம் ஆனது 1952இல்தான். ஆகவே உங்கள் முன்னோர் எந்தத் தெருவில் குடியிருந்தார்கள் என்பதைவிட, எந்த அதிகாரத்தின்கீழ் இருந்த கோயிலுக்குப் போனார்கள் என்பதே பதிவேடு எங்கே இருக்கும் என்பதைத் தீர்மானிக்கும். பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வெவ்வேறு பங்குகளில் பதிவாகியிருப்பது இந்நகரில் வியப்பன்று.

மொழியிலும் எச்சரிக்கை வேண்டும். இலத்தீனில் எழுதும் பங்குத்தந்தை, வீட்டில் அழைத்த பெயரை அப்படியே எழுதமாட்டார். இராயப்பன் பேத்ருஸ் ஆகிவிடுவார், சின்னப்பன் பவுலுஸ், அருளப்பன் யோவான்னெஸ், சூசை யோசேபுஸ், முடியப்பன் ஸ்தேபானுஸ், ஞானப்பிரகாசம் அலோய்சியுஸ். அதே ஆளின் அடக்கத்தை அடுத்து வந்த தமிழ்க் குரு தமிழில் எழுதியிருந்தால், ஞானஸ்நானத்தில் இருந்தவர் இறக்கவே இல்லை என்றும், இறந்தவர் பிறக்கவே இல்லை என்றும் தேடுபவருக்குத் தோன்றும். வம்சாவளி தேடிக் கிளம்புபவர்கள் முதல் வேலையாக இந்தப் பெயர் இணைகளை ஒரு தாளில் எழுதிக்கொள்வது நல்லது.

தேதி விஷயமும் உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலேயர்கள் 1752 வரை பழைய நாட்காட்டியையே பின்பற்றினார்கள். அவர்களுக்கு ஆண்டு மார்ச் 25 அன்றுதான் பிறந்தது. ஆகவே கோட்டைப் பதிவேட்டில் 1701 பிப்ரவரி என்று எழுதியிருந்தால், நம் கணக்கில் அது 1702ஆக இருக்கலாம். போர்த்துகீசியரும் கபுச்சின்களும் அதற்கு முன்பே புதிய நாட்காட்டிக்கு மாறியவர்கள். பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் கோட்டைக்கும் போர்த்துகீசியர் இருந்த சாந்தோமுக்கும் நடந்து போகிற தூரந்தான். தேதியில் மட்டும் பத்து நாள் இடைவெளி.

ஒரு குடும்பம் ஒரு சபையின் பதிவேட்டிலிருந்து திடீரென்று மறைந்தால், ஊரைவிட்டுப் போய்விட்டார்கள் என்றோ கொள்ளைநோயில் மாண்டார்கள் என்றோ உடனே முடிவுகட்டிவிடக் கூடாது. 1833இல் கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு இருக்கவே கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பியபோது, தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் அதை ஏற்க மறுத்துச் சபையை விட்டு விலகினார்கள். அத்தகைய குடும்பங்கள் பின்னாளில் லுத்தரன் சபைப் பதிவேடுகளில் தலைகாட்டுவதுண்டு. சொந்தக் குடும்பத்தின் தடம் அப்படித் திரும்பியிருப்பதைக் கண்டுபிடிப்பவர்களுக்கு அது உவப்பாக இருக்காது. சிலர் அந்தப் பக்கத்தைக் கடந்து போய்விடவே விரும்புகிறார்கள். என் கருத்தில், அதையும் சேர்த்து எழுதிவைக்காத வம்சாவளி பாதி வம்சாவளிதான். 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் ஒன்றாயின. இன்று ஒரே பேராயத்தின்கீழ் இருக்கும் இரண்டு ஆலயங்களின் பழைய பதிவேடுகள் முற்றிலும் வேறான படிவங்களில் இருப்பதற்கு அதுவே காரணம்.

எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போனால் எல்லாம் கிடைத்துவிடும் என்று எண்ணி ஏமாந்து வருபவர்களையும் பார்க்கிறேன். சென்னை அரசின் சமயத்துறைக் கோப்புகள் அங்கே உண்டு. குருமார் நியமனம், ஆலயப் பழுதுபார்ப்பு, கல்லறைத் தோட்டப் பராமரிப்பு ஆகியவற்றைப் பற்றி ஆராய்பவருக்கு அவை பெரும் உதவி. தன் பாட்டனின் ஞானஸ்நானத்தைத் தேடுபவர் போக வேண்டிய இடம் அந்தந்த ஆலயமே.

அங்கே போனால் என்ன நிலையில் கிடைக்கும் என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அக்காலத்து இரும்பு மை காலப்போக்கில் தாளை அரிக்கும். அழுத்தி எழுதிய இடங்களில் எழுத்தே ஓட்டையாகி, வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரியும். சென்னையின் கடற்கரை ஈரத்தில் இது இன்னும் விரைவாக நடக்கிறது. எனக்குப் பூச்சியைக் காட்டிலும் அதிக வருத்தம் தந்தது மனிதர்கள் நல்லெண்ணத்தோடு செய்த பழுதுபார்ப்பு. நான் பார்த்த ஒரு பதிவேட்டை, பல ஆண்டுகளுக்கு முன் யாரோ ரெக்சின் அட்டை போட்டு அழகாக பைண்டு செய்யக் கொடுத்திருக்கிறார்கள். பைண்டு செய்தவர் மூன்று பக்கமும் ஓரத்தைச் சீராக வெட்டிவிட்டார். கத்தோலிக்கப் பங்குகளில் 1908 முதல், ஒருவரின் திருமணத்தை அவருடைய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்திலும் குறிக்க வேண்டும் என்பது விதி. மற்றச் சபைகளிலும் பெயர் மாற்றம், வேறு சபைக்கு மாற்றிக் கொடுத்த விவரம் போன்றவற்றை ஓரத்தில்தான் எழுதினார்கள். அந்தப் புத்தகத்தில் இப்போது பாதிப் பாதி எழுத்துகள்தான் ஓரத்தில் நிற்கின்றன. புதிய அட்டை மட்டும் பளபளவென்று இருக்கிறது. செலோடேப் ஒட்டிய பக்கங்களின் கதையைத் தனியாக எழுத வேண்டும்.

பழைய பதிவேடு வைத்திருக்கும் எந்தச் சபைக்கும் என் வேண்டுகோள் எளியது. பைண்டு செய்யக் கொடுக்காதீர்கள், ஒட்டாதீர்கள், முதலில் படமெடுங்கள். பிளாஷ் இல்லாமல், பக்கம் முழுவதும் ஓரத்தோடு தெரியும்படி, ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்தால் சாதாரணக் கைபேசியே போதும். எடுத்த படங்களில் ஒரு தொகுதி பேராய அலுவலகத்தில் இருக்கட்டும், ஒன்று சபைக்கு வெளியே வேறொரு கட்டடத்தில் இருக்கட்டும். அதே சமயம், படமெடுத்ததை எல்லாம் வாட்ஸ்அப் குழுவில் போடுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். தகப்பன் பெயர் எழுதப்படாத பிள்ளைகள், தத்துப் பிள்ளைகள், கல்யாணத்துக்கு நாலு மாதத்தில் நடந்த ஞானஸ்நானங்கள் எல்லாம் அந்தப் பக்கங்களில் உண்டு. அவர்களுடைய பிள்ளைகள் இன்றும் அதே சபையில் மூன்றாவது வரிசையில் அமர்ந்திருக்கலாம். எங்கள் அட்டவணையில் கடந்த நூறு ஆண்டுக்குட்பட்ட ஞானஸ்நானங்களைச் சேர்க்கவில்லை. உரியவரோ வாரிசோ எழுத்தில் கேட்டால் குருவானவர் பார்த்து, சான்றளித்த நகல் கொடுக்கிறார்.

பதிவேட்டுக்கு இரண்டாம் பிரதி இல்லை என்றேன். ஒருவகையில் உண்டு, அது வீடுகளில் இருக்கிறது. பழைய குடும்ப வேதாகமங்களில் பிறப்பு, ஞானஸ்நானம், திருமணம், மரணம் ஆகியவற்றைக் குடும்பத் தலைவர் தம் கையால் எழுதிவைத்திருப்பார். பதிவேட்டில் மை அரித்துப்போன ஒரு பக்கத்தின் சில பெயர்களை எங்கள் சபையில் அப்படிப்பட்ட ஒரு வேதாகமத்தைக் கொண்டுதான் நிரப்பினோம். இரண்டுக்கும் இடையே ஒரு பிள்ளையின் பிறந்த நாளில் வேறுபாடு இருந்தது. எது சரி என்று தீர்ப்பு சொல்லாமல் இரண்டையும் எழுதி, எது எங்கிருந்து வந்தது என்று எதிரே குறித்திருக்கிறோம். வேப்பேரி, புரசைவாக்கம், ராயபுரம், சாந்தோம் பக்கத்துப் பழைய வீடுகளைக் காலி செய்யும்போது எடைக்குப் போடும் புத்தகக் கட்டுக்குள் தோல் அட்டை போட்ட வேதாகமம் இருந்தால், முதல் நான்கு தாள்களையும், பழைய ஏற்பாட்டுக்கும் புதிய ஏற்பாட்டுக்கும் நடுவே உள்ள வெற்றுத் தாள்களையும் புரட்டிப் பார்த்துவிட்டு, எழுத்து ஏதாவது இருந்தால் அந்தக் குடும்பம் போய்வந்த ஆலயத்தில் காட்டுங்கள்.